இலை காயட்டும்

அப்பா சரிந்து விழுந்த இடத்தில், கொடிக்கடியில் கொட்டிக் கிடந்த பீன்ஸை அவன் கூடையில் பொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தபோது அக்கா வந்து சேர்ந்தாள். கூடத்தில் கிடத்தியிருந்த அப்பாவைக் கட்டிக்கொண்டு அழுது ஓய்ந்தவள், நேராகத் தோட்டத்துக்கு வந்தாள். பின்னாலேயே அம்மா.

"இந்த வயசுல, உச்சி வெயில்ல, இங்க அவருக்கு என்னம்மா வேலை? நீ எப்படி விட்டே?"

காலையில், வெயில் ஏறுவதற்கு முன்பே அப்பா அவனை எழுப்பினார். "காய் முத்திடும்டா, கூட வந்து பறி." எழுந்திருக்கச் சோம்பல். ஈர இலையைத் தொட்டால் நோய் கொடிக்குக் கொடி பரவும் என்பது அப்பாவின் சட்டம். வீட்டில் யாருக்காவது காய்ச்சல் என்றால்கூட மனுஷர் அப்படிப் பதறமாட்டார். அந்தச் சட்டத்தையே அவரிடம் எடுத்து நீட்டினான். "இப்பதான்ப்பா பார்த்துட்டு வந்தேன். இலையெல்லாம் ஒரே ஈரம்." பார்க்கவுமில்லை, ஒன்றுமில்லை. ஜன்னலைக்கூடத் திறக்கவில்லை. போர்வையை இழுத்து மூடிக்கொண்டான், மகராசன்.

இப்போது அவனுக்குப் பதிலாக அம்மா திட்டு வாங்கிக்கொண்டு நிற்கிறாள். சொல்லிவிடுவோம் என்று வாயைத் திறந்தான்.

"அக்கா, நான்தான்..."

"இலை ஈரமா இருந்துச்சுடி," என்று அம்மா முந்திக்கொண்டாள். "காயட்டும்னு இருந்தார். சொன்னா கேக்கற ஆளா உங்கப்பா?"

அக்கா மூக்கைச் சிந்தியபடி உள்ளே போனாள்.

அம்மாவின் முகத்தைப் பார்க்க அவனுக்குத் தைரியம் வரவில்லை. "நான் பொய் சொன்னேம்மா. ஈரமா இல்லையான்னு எனக்குத் தெரியவே தெரியாது."

"ஈரம் இல்ல. நாங்க ரெண்டு பேரும் அப்பவே வந்து பார்த்தோம்."

"அப்புறம் ஏம்மா அவர் அப்பவே பறிக்கல?"

"'இப்பப் பறிச்சா பையன் முகம் சுண்டிப்போயிடும். வெயில் நல்லா ஏறட்டும்'னார். நானும் சரின்னு சொல்லித் தொலைச்சேன்."

அவன் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டான். அம்மா கூடையை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"வந்தவங்களுக்குப் பக்கத்து வீட்டுல சமைக்கறாங்க. நார் எடு."

ஒரு காயை எடுத்து நுனியைக் கிள்ளினான். நார் பாதியிலேயே அறுந்தது. இன்னொரு காயை எடுத்தான்.