கடிவாளம்

பல் பதிந்த தடம் கழுவினால் போகாது என்று அவளுக்குத் தெரியும். இருந்தும் மூன்றாவது முறையாக வளையத்தைச் சோப்புத் தண்ணீரில் முக்கி எடுத்து பிரஷ்ஷால் தேய்த்தாள். வெள்ளைப் பிளாஸ்டிக் வளையத்தின் மேல்விளிம்பில் நகக்கீறல் போல ஒரு பள்ளம். பள்ளத்தின் அடியில் ஊசிமுனை அளவுக்குப் பழுப்பு. காலையில் வந்த பெரியவருக்கு மேல்வரிசையில் உருப்படியாக இருந்தது ஒரே ஒரு பல்தான். குழாய் தொண்டைக்குள் இறங்கியபோது அந்த ஒற்றைப் பல் முப்பத்திரண்டு பல்லின் வேலையையும் பார்த்துவிட்டது.

வாய் வழியாகக் கேமராக் குழாயை விட்டு வயிற்றைப் பார்க்கிற அறை அது. நோயாளி பயத்தில் குழாயைக் கடித்துவிடாமல் இருக்க, முதலில் இந்த வளையத்தைப் பற்களுக்கிடையே கொடுத்து, அதன் பட்டையைத் தலைக்குப் பின்னால் மாட்டிவிடுவார்கள். பெட்டியின் மேல் ஏதோ நீளமான பெயர் போட்டிருந்தது. இங்கே எல்லோருக்கும் அது கடிவாளம். ஒருவர் வாய்க்கு ஒன்று, முடிந்ததும் குப்பைக்கூடைக்குப் போக வேண்டும். பாக்கெட்டிலேயே வட்டத்துக்குள் ஒரு '2' போட்டு, அதன் குறுக்கே கோடு இழுத்திருந்தார்கள். இரண்டாம் தடவை கூடாது என்று எழுத்துக் கூட்டத் தெரியாதவனுக்கும் புரிந்துவிடும். எட்டாவதோடு படிப்பை நிறுத்திய அவளுக்கும் புரிந்துதான் இருந்தது.

"அக்கா, இதக் கடிச்சு வச்சிருக்காங்க. தூக்கிப் போட்டுடவா?"

இன்சார்ஜ் அக்கா திரும்பிப் பார்க்காமலே சொன்னாள். "ஒரு கீறலுக்கா? உன் மூஞ்சியில எத்தனை கீறல் இருக்கு, உன்னைத் தூக்கிப் போட்டுட்டோமா? காய வச்சு பாக்கெட்ல போடு, கோட்டான்."

ஊமைக்கோட்டான் என்பதுதான் முழுப் பெயர். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே அக்கா வைத்தது. அக்காவுக்கு வாய் நீளம், கை தாராளம். திட்டினால் தோல் உரியும், சாப்பாட்டு நேரத்தில் தன் டப்பாவிலிருந்து பாதியை இவள் தட்டில் தள்ளாமல் சாப்பிடவும் மாட்டாள். எங்கே போனாலும் "எதுவரைக்கும் படிச்சே?" என்ற கேள்வியோடு திருப்பி அனுப்பப்பட்டவளைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து இங்கே நிறுத்தியதும் அவள்தான். அதனால்தான் மூன்று மாதத்துக்கு முன்பு ஒரு திங்கட்கிழமை, பெட்டி வந்து சேராமல், வெளியே ஆறு பேர் வெறும் வயிற்றோடு காத்திருந்தபோது, "இன்னைக்கு ஒருநாள் மட்டும் கழுவிக் குடு" என்று அக்கா சொன்னதை அவளால் தட்ட முடியவில்லை.

அந்த ஒருநாள் இன்னும் முடியவில்லை. ஆறு பேருக்கு மூன்று போதும் என்றானபின், பெட்டியும் பாதிதான் வந்தது. டாக்டரிடம் கேளுங்கள் அக்கா என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்.

"கேட்டா, போன மாசம் எப்படி ஓட்டினீங்கன்னு கேப்பாரு. எப்படி ஓட்டினோம்னு சொல்ல முடியுமா? நீ வாயைத் திறந்தே, ரெண்டு பேரும் நடுத்தெருதான்."

கழுவுவதைக்கூட அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள். குழாயில் ஒட்டி வரும் கோழையும், கன்னத்துக்கு அடியில் வைக்கும் தட்டில் தேங்கும் எச்சிலும், பித்தம் கலந்த பச்சை நுரையும் முதல் மாதத்திலேயே பழகிவிட்டன. பழகாதது வேறொன்று. படுக்கையில் ஏறிப் படுக்கும் ஆட்களில் நாலுக்கு ஒருவர், அவள் பாக்கெட்டைக் கிழிக்கும்போது தலையைத் தூக்கிப் பார்ப்பார்கள். அந்தப் பெரியவரும் பார்த்தார்.

"பாப்பா, புதுசுதானே? எவன் வாயில வச்சதோன்னு நெனச்சாலே குமட்டுது."

தலையாட்டினாள். அவள் தலையாட்டினால் நம்புவார்கள். பேசாத பெண்ணின் தலையாட்டலுக்கு அப்படி ஒரு மரியாதை.

முதன்முதலில் தலையாட்டிய அன்று மத்தியானம்தான் அது வந்தது. சாப்பிட்டுக் கை கழுவக் குனிந்தவளின் நெஞ்சுக்குழியில் இருந்து ஒரு புளிப்பு ஏறி, தொண்டையைச் சுரண்டிக்கொண்டு வந்து அடிநாக்கில் நின்றது. துப்ப முடியாது, பக்கத்தில் ஆள் இருந்தது. விழுங்கினாள். போகும்போதும் சுட்டுக்கொண்டே போனது. அதன்பிறகு கணக்குத் தவறவில்லை. யாரும் கேட்காத நாளில் லேசாக எதுக்களித்து அடங்கும். இரண்டு பேர் கேட்ட நாளில் அவள் வாய் அவளுக்கே நாறியது. பேருந்தில் எதிரே உட்கார்ந்து சிரிப்பவர்களின் வாயைப் பார்த்தால் ஈறும் எச்சிலும்தான் தெரிந்தன. புருஷன் குடித்து வைத்த டம்ளரை இரண்டு முறை கழுவினாள். அவன் அதைப் பார்த்துவிட்டு, "எனக்கு என்ன வெறிநாயா கடிச்சிருக்கு?" என்றான்.

வீட்டில் சொல்லாமலும் இல்லை. சொன்ன நேரம்தான் சரியில்லை. நாத்தனார் புதுவீட்டுப் படங்களைப் போனில் தள்ளித் தள்ளிக் காட்டிக்கொண்டிருந்தாள். மாடிப்படிக்கு வந்தபோது நெஞ்சில் தீ மூண்டது போல இருந்தது. "வயிறு எரியுது அத்தை" என்று வாய் தவறி வந்துவிட்டது. நாத்தனார் போனை மார்போடு அணைத்து மூடிக்கொண்டாள்.

"எங்க வந்து எதைச் சொல்றா பாரு" என்றாள் மாமியார்.

"அம்மா, அவளுக்கு நெசமாவே எரியுதும்மா" என்று புருஷன் பரிந்து பேச வந்தான்.

"நெசமாத்தாண்டா எரியுது. நானும் அதத்தான் சொல்றேன்."

அன்றோடு அந்த வார்த்தையை அவள் வீட்டில் எடுப்பதில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கப் பழகிக்கொண்டாள்.

டாக்டர் நல்ல மனிதர். குழாயை உருவியதும் ஒவ்வொருவரிடமும் ஒரே விஷயத்தைப் புதிதாகச் சொல்வதுபோலச் சொல்வார். "வயிறு தனி ஆள் இல்லம்மா. மனசுல எதைப் போட்டு அமுக்குறீங்களோ, அது வயித்துல இருந்து மேல ஏறப் பாக்கும். நான் குடுக்குற மாத்திரை பாதி வேலைதான் செய்யும். மீதி உங்க கையில." குழாயைத் துணியால் துடைத்தபடி தினம் அதைக் கேட்பாள். மீதி என் கையில் இல்லை, என் கையில் இருப்பது கடிவாளம் என்று நினைத்துக்கொள்வாள்.

பல் தடத்தைக் கழுவிய அந்தச் சாயங்காலம், தொட்டியின் மேல் குனிந்திருந்தவளுக்குப் புளித்த தண்ணீர் ஒரு வாய் நிறைய வந்துவிட்டது. அக்கா ஓடிவந்து முதுகைத் தடவினாள்.

"எத்தனை நாளாடி இப்படி? நாளைக்குக் கடைசிக் கேஸ் முடிஞ்சதும் உன்னைப் படுக்க வச்சுப் பாத்துடலாம். டாக்டர்கிட்ட நான் சொல்லிக்கிறேன். உனக்கு இல்லாததா?"

அக்காவின் கண்களில் நிஜமாகவே தண்ணீர் நின்றது. அதைப் பார்க்க அவளுக்கு இன்னும் குமட்டியது.

அக்கா கிளம்பியதும் அலமாரியைத் திறந்தாள். கம்பெனியில் ஒட்டிய பாக்கெட்டின் இரண்டு முனைகளும் ரம்பப் பல் மாதிரி வளைந்து வளைந்து இருக்கும். கிழிந்த ஓரத்தை அவள் வெட்டி, சூட்டுப் பட்டையில் அழுத்தி ஒட்டியதில் ஒரு முனை நேர்கோடாக இருக்கும். உலகத்தில் அந்த வித்தியாசம் தெரிந்த ஒரே ஆள் அவள்தான். நாற்பது பாக்கெட்டையும் தடவிப் பார்த்ததில் இரண்டு முனையும் ரம்பமாக ஒன்றே ஒன்று கிடைத்தது. சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். திருடியதுபோலக்கூட இல்லை, திருடுவதற்காவது ஒரு துணிச்சல் வேண்டும். மற்றவர்களுக்கெல்லாம் ஊரான் எச்சில், தனக்கு மட்டும் புதுசு. பேருந்து ஏறி வீடு சேரும்வரை அந்தப் பாக்கெட் பைக்குள் மொறுமொறுத்துக்கொண்டே வந்தது.

மறுநாள் கடைசியாக வந்தவள் துணிக்கடையில் விற்பனைப் பெண். அவள் வயதுதான் இருக்கும். நாள் முழுக்க நின்று வீங்கிய கால்களோடு வந்து, உதட்டுச் சாயத்தைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டுப் படுத்தாள். தட்டில் இரண்டு பாக்கெட்டுகள் இருந்தன. மேலே கிடந்தது பெரியவருடையது. பிளாஸ்டிக்கின் வழியாகவே பள்ளம் தெரிந்தது. அதை ஓரமாகத் தள்ளிவிட்டு மற்றதை எடுத்தாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க சிஸ்டர். புதுசுதானே?"

பைக்குள் இருந்த புதியது அவள் விரல் பட்டு மொறுமொறுத்தது. ஒரு கணம்தான். பிறகு தலையாட்டினாள். விற்பனைப் பெண் சிரித்து, வாயைத் திறந்தாள்.

எல்லாம் முடிந்து, திரைக்கு அந்தப்பக்கம் அந்தப் பெண்ணை உட்கார வைத்துவிட்டு வந்ததும், அக்கா படுக்கையைத் தட்டிக் காட்டினாள். "ஏறு கோட்டான். இன்னைக்கு நீதான் மகாராணி." அவள் இடதுபக்கமாகப் படுத்தாள். தலையணையில் விற்பனைப் பெண்ணின் தலைச்சூடு இன்னும் இருந்தது. அக்கா தொண்டைக்குள் மரக்க வைக்கும் மருந்தைப் பீய்ச்சினாள். வேம்பைவிடக் கசப்பு. "விழுங்கு, விழுங்கு." நாக்கு தடித்து, தொண்டை வேறு யாருடையதோ ஆகிவிட்டது. டாக்டர் கையுறையை இழுத்து மாட்டிக்கொண்டிருந்தார்.

பையிலிருந்து புதியதை அவள் எடுப்பதற்குள் அக்கா தட்டில் மிச்சமிருந்ததைக் கிழித்துவிட்டாள். விளக்கு வெளிச்சத்தில் வளையம் முகத்துக்கு நேரே வந்தது. மேல்விளிம்பில் பள்ளம். பள்ளத்தில் பழுப்பு. பெரியவரின் ஒற்றைப் பல், சுருங்கிய உதடு, குமட்டுது பாப்பா என்ற குரல், எல்லாம் அதோடு சேர்ந்து வந்தன. அவள் பற்களை இறுக்கினாள்.

"வாயைத் திறடி."

மாட்டேன் என்று தலையசைத்தாள். அக்கா சிரித்தாள். "ஊருக்கெல்லாம் மாட்டி விட்டவளுக்குப் பயத்தைப் பாருங்க டாக்டர்."

"வாயைத் திறங்கம்மா. ரெண்டே நிமிஷம்" என்றார் டாக்டர்.

திரைக்கு அடியில் விற்பனைப் பெண்ணின் வீங்கிய பாதங்கள் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தன. இங்கே பேசினால் அங்கே கேட்கும். அடிவயிற்றில் இருந்து அது கிளம்பிவிட்டது. மூன்று மாதமும் தினமும் வந்த அதே வழியில், மரத்துப்போன தொண்டையைக்கூடச் சுட்டுக்கொண்டு ஏறியது. விழுங்கப் பார்த்தாள். விழுங்குவது எப்படி என்று தொண்டைக்கு மறந்துபோயிருந்தது. எழுந்து உட்கார்ந்து பைக்குள் கையை விட்டு, இரண்டு முனையும் ரம்பமான பாக்கெட்டை எடுத்து டாக்டரின் முன்னால் நீட்டினாள்.

"இது எதுக்கும்மா? அதான் ஒண்ணு கிழிச்சாச்சே" என்றார் அவர்.

அக்காவின் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது. வளையத்தைப் பிடித்திருந்த விரல்கள் மட்டும் மெல்ல அந்தப் பள்ளத்தை மூடிக்கொண்டன.

"புதுசு" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். தடித்த நாக்கில் மோதி, "புழு… புழுசு" என்று விழுந்தது. கடைவாயில் இருந்து புளித்த நீர் வழிந்து சட்டையில் சொட்டியது. துடைக்காமல், சுட்டுவிரலால் அக்காவின் கையைக் காட்டினாள். பிறகு திரையைக் காட்டினாள். மறுபடியும் சொன்னாள்.

"என்னங்க சொல்றாங்க?" என்றது திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்.

திரைக்கு அடியில் ஒரு கால் செருப்புக்குள் இருந்தது. மற்றொன்று பாதி வழியில் நின்று, வெறும் தரையில் மெல்ல இறங்கி, விரல்கள் இந்தப் பக்கமாகத் திரும்பின.