நான் டைப் அடித்த இரண்டு ஒப்பந்தங்கள்

என் டைப்பில் பிழை இருக்காது. இருபத்திரண்டு வருஷமாக எங்கள் ஊர் மன்றத்தில் செயலாளர் நான். கேப்டன் என்று நாங்கள் சொல்லும் ஊர்த் தலைவர்கள் நாலு பேர் மாறிவிட்டார்கள், நான் மாறவில்லை. பிறப்புச் சான்றா, கோழித் திருட்டுப் புகாரா, எதுவானாலும் இந்த மிலாவின் கையைத் தாண்டித்தான் போக வேண்டும். இதைப் பெருமைக்காகச் சொல்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெருமைதான் என்னை அன்று சிறைவாசல் வரை கூட்டிக்கொண்டு போனது.

எங்கள் நாட்டில் விவாகரத்து கிடையாது. கல்யாணத்தை ரத்து செய்ய மணிலாவில் வக்கீல் பிடிக்க எங்களிடம் என்ன இருக்கிறது? ஒத்துவராத புருஷனும் பெண்டாட்டியும் நேரே மன்றத்துக்கு வருவார்கள். கேப்டன் முன்னால் ஒப்பந்தம் எழுதுவோம். இனி சேர்ந்து வாழ மாட்டோம், யார் யாரோடு வாழ்ந்தாலும் ஒருவர் மேல் ஒருவர் வழக்குப் போட மாட்டோம். இரண்டு பேர் கையெழுத்து, கேப்டன் கையெழுத்து, ஒரு முத்திரை. வெளியே வந்து ஆளுக்கொரு பக்கம் நடப்பார்கள். ஊரில் பாதிப் பேர் இப்படித்தான் பிரிந்தார்கள்.

ஒவ்வொன்றையும் புதிதாக அடிக்க நான் என்ன முட்டாளா? கம்ப்யூட்டரில் பழைய ஒப்பந்தத்தைத் திறப்பேன், பெயரையும் தேதியையும் மாற்றுவேன், அச்சு எடுப்பேன். பெர்திங்கும் அவன் பெண்டாட்டி நோர்மாவும் பிரிந்த வாரமே டெல்ஃபாவும் அவள் புருஷன் ஆர்செனியோவும் வந்தார்கள். பெர்திங்கின் காகிதத்தைத் திறந்து பெயர் மாற்றினேன். அவ்வளவுதான் வேலை.

பிறகு பெர்திங் பக்கத்துத் தெருவிலேயே ஒரு சின்னப் பெண்ணோடு குடித்தனம் வைத்தான். நோர்மாவால் பொறுக்க முடியவில்லை, வழக்குப் போடப் போனாள். கோர்ட்டுக் கட்டடத்திலேயே இருக்கும் அரசு வக்கீல் ஒப்பந்தத்தைப் படித்துவிட்டு, "நீங்களே சம்மதிச்சுக் கையெழுத்துப் போட்டிருக்கீங்களேம்மா" என்று புகாரைத் தள்ளிவிட்டார். நோர்மா மன்றத்துக்கு வந்து என்னைக் கிழித்துத் தோரணம் கட்டினாள். பாவம் என்று நினைத்தேன். ஆனால் சட்டம் அப்படித்தானே, கையெழுத்துப் போட்டால் போட்டதுதானே என்றும் நினைத்தேன்.

அதற்கு அடுத்த மாதம் டெல்ஃபா வந்தாள். சந்தையில் கருவாடு விற்பவள், பத்து வார்த்தை பேசுவதற்குள் ஒன்பது தரம் சிரிப்பாள். அன்று சிரிக்கவில்லை.

"அக்கா, இஸ்கோ வந்து இருன்னு கூப்பிடுறான். ஆர்செனியோ மணிலாவுல ஒருத்தியோட இருக்கான். அந்தப் பேப்பர் நிக்குமாக்கா?"

"ஏண்டி, பெர்திங்குக்கே நின்னுச்சே, உனக்கு நிக்காதா? போடி, போய் நல்லா இரு."

நான்தான் சொன்னேன். இந்த வாயால்தான் சொன்னேன்.

இஸ்கோ வலை பின்னுகிறவன், வாயில்லாப் பூச்சி. இரண்டு வருஷத்தில் மாயின் என்று ஒரு பெண் குழந்தை. டெல்ஃபா அதை மீன் கூடைக்குப் பக்கத்தில் தொட்டிலில் போட்டுக்கொண்டே வியாபாரம் பார்ப்பாள்.

அப்புறம் ஆர்செனியோவை மணிலாக்காரி விரட்டிவிட்டாள். நேரே ஊருக்கு வந்து டெல்ஃபாவின் வாசலில் நின்று வாடி என்றான். வர மாட்டேன் என்றாள். மறுநாளே கள்ள உறவு என்று அவள் மேலும் இஸ்கோ மேலும் வழக்குப் போட்டான்.

நான் கவலையே படவில்லை. சாட்சி சொல்ல என்னைக் கூப்பிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைச் சட்டையைப் போட்டுக்கொண்டு போனேன்.

நீதிபதி ஒப்பந்தத்தைப் பார்த்தார். "ஒழுக்கத்துக்கு விரோதமான ஒப்பந்தம். திருமணத்தை இப்படியெல்லாம் கலைக்க முடியாது. இது செல்லாது" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "யுவர் ஆனர், நாலு வருஷத்துக்கு முன்னால இதே பேப்பர் இதே கட்டடத்துல செல்லுச்சே? நான்தான் அடிச்சேன். பேரு மட்டும்தான் வேற!"

பின்பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "அது வேற வழக்கும்மா. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க."

"என்ன வேறங்கய்யா?"

"உட்காருங்க."

உட்கார்ந்தேன். வேறென்ன செய்ய?

ஆளுக்கு நாலு வருஷம். இஸ்கோ ஆண்கள் சிறைக்கு, டெல்ஃபா பெண்கள் சிறைக்கு. மாயினை இஸ்கோவின் தங்கை தூக்கிக்கொண்டு போனாள். கோர்ட்டுப் படிக்கட்டு முழுக்க அந்தக் குழந்தை அலறியது. எதிரே டீக்கடையில் பெர்திங் தன் புதுப் பெண்டாட்டிக்குப் பன் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. ஆனாலும் அந்தப் பன்னைப் பிடுங்கி எறிய வேண்டும் போல இருந்தது.

அப்பீல் போட்டிருந்தார்கள். ஒரு மாதம் கழித்து, டெல்ஃபா சொல்லி அனுப்பினாள் என்று இஸ்கோவின் தங்கை வந்தாள். "மிலாக்கா எனக்கு அடிச்சதுல, பெர்திங் பேப்பர்ல இருக்குற ஏதோ ஒரு வரி விட்டுப்போயிருக்கும். அதைக் கோர்ட்டுல சொல்லச் சொல்லு, நான் வெளியே வந்துடுவேன், அக்கா மேல எனக்குக் கோபமில்லைன்னு சொன்னா."

கோபமில்லையாம்! எனக்குச் சுருக்கென்றது. இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு வரி விட்டதில்லை நான். இரண்டு காகிதத்தையும் நகல் எடுத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் ஏறினேன்.

சிறையில் கம்பி வலைக்கு அந்தப் பக்கம் டெல்ஃபா உட்கார்ந்திருந்தாள். பாதியாக இளைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "கண்டுபிடிச்சுட்டியாக்கா? எந்த வரி?"

"பாருடி. நீயே பாரு." வலைக்கு அடியில் இரண்டையும் தள்ளினேன்.

அவள் பள்ளிக்கூடம் அதிகம் போனவள் இல்லை. இடது கை விரல் பெர்திங்கின் காகிதத்தில், வலது கை விரல் தன் காகிதத்தில். ஒவ்வொரு சொல்லாக, உதடு அசைய, இரண்டையும் சேர்த்தே நகர்த்தினாள். நடுவில் ஒரு இடத்தில் நின்று, "இங்கே... இல்ல, இதுவும் ஒண்ணுதான்" என்றாள். கடைசி வரி வரை போனாள். மறுபடி மேலே போய் முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. என் டைப்பிங்கைக் காப்பாற்றிக்கொள்ள இவ்வளவு தூரம் வந்திருக்கிறேன். நான் பிழை விட்டிருப்பேன் என்ற நினைப்பில்தான் இந்தப் பெண் ஒரு மாதமாகத் தூங்கியிருக்கிறாள். அடிப்பாவி, ஒரு பொய் சொல்லியிருக்கக் கூடாதா நான்? ஆமாண்டி, என் தப்புதான் என்று சொல்ல எனக்கென்ன கேடு?

இரண்டாம் தடவையும் முடித்துவிட்டு நிமிர்ந்தாள். அழவில்லை. எனக்குத்தான் வலை தெரியாமல் கண்ணீர் மறைத்தது.

"எழுத்து ஒண்ணுதான். முத்திரை ஒண்ணுதான். கேப்டன் கையெழுத்தும் ஒண்ணுதான்" என்றாள். "அப்போ நான்தான் வேறயாக்கா?"

நேரம் முடிந்துவிட்டது என்று காவல்காரப் பெண் வந்து அவளை எழுப்பினாள்.