நூற்றுப் பதினெட்டாம் டோக்கன்

மக்கன்பேடா. அதுவும் ஆளுக்கு ஒன்று, எண்ணி எண்ணி. இருபத்து நாலு வருஷம் வேலை பார்த்தவளுக்குக் கடைசி நாளில்கூட இன்னொன்று எடுத்துக்கொள் என்று சொல்ல வாய் வரவில்லை பார். பிசினாரி.

மனசுக்குள் இப்படிச் சொல்லிக்கொண்டே பாக்யலட்சுமி சம்பூர்ணத்திடம் கையை நீட்டி அந்த இனிப்பில் ஒன்றை வாங்கிக்கொண்டாள். தையல் மெஷின்கள் எல்லாம் நின்றிருந்தன. ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் ஒரு லைனை முழுசாகப் பத்து நிமிஷம் நிறுத்துவது லேசான காரியம் இல்லை. சம்பூர்ணத்தை வழியனுப்புவதற்காக சூப்பர்வைசர் நயீம் அகமது நிறுத்தியிருந்தார். அதுவும் உறுத்தியது.

"பென்ஷன் எவ்ளோக்கா வரும்?" என்று பிரிசில்லா கேட்டாள். போன வருஷம் சேர்ந்த பெண்.

"மூவாயிரத்துச் சொச்சம்னாங்க. பெரிய காசு ஒண்ணும் இல்ல. ஆனா மாசாமாசம் வரும். சாவுற வரிக்கும் யார் கையயும் பாக்க வேணாம்."

யார் கையையும் பாக்க வேணாம். பாக்யம் மக்கன்பேடாவைப் பாதி கடித்ததோடு நிறுத்தினாள். மீதியைத் தாளில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

இரண்டு பேரும் ஒரே நாளில் சேர்ந்தவர்கள். சம்பூர்ணம் நாலு வயசு மூத்தவள். இருவருக்கும் ஒடுகத்தூர் பக்கம். ஒரே கம்பெனி பஸ். சம்பூர்ணத்துக்கு டோக்கன் நூற்றுப் பதினெட்டு, பாக்யத்துக்கு நூற்றுப் பத்தொன்பது. சம்பூர்ணம் இன்றைக்குக் கழற்றிக் கொடுத்ததும் அதே நூற்றுப் பதினெட்டைத்தான். பாக்யத்தின் கழுத்தில் தொங்குவது ஆயிரத்து நானூற்று இருபத்திரண்டு.

லைனில் பலரும் செய்ததைத்தான் அவளும் செய்தாள். வீட்டில் விசேஷம் என்றால் வேலையை விட்டுவிட்டதாக எழுதிக் கொடுப்பார்கள். இரண்டு மாசம் வீட்டில் உட்கார்ந்து பி.எஃப். பணத்தை மொத்தமாக எடுப்பார்கள். பிறகு அதே கம்பெனிக்கு வந்து புது ஆளாகச் சேர்வார்கள். புது டோக்கன். பென்ஷனுக்கான வருஷங்களும் அதோடு அழிந்து ஒன்றிலிருந்து தொடங்கும். அதை அப்போது யார் யோசித்தது? மகள் பாரதி பெரியவளானபோது பாக்யம் அப்படி ஒரு தடவை எடுத்தாள். மேளம், சீர்த்தட்டு, கறி விருந்து. பாரதியின் கல்யாணத்துக்கு இன்னொரு தடவை.

சம்பூர்ணம் தன் மகள் அம்பிகாவுக்கு வீட்டுக்குள்ளேயே தண்ணீர் ஊற்றினாள். கழுத்திலும் காதிலும் கவரிங். வந்த இருபது பேருக்கு சாம்பார் சாதம். மறுநாள் பஸ்ஸில் அவளுக்குக் 'கவரிங் சம்பூர்ணம்' என்று பேர் வைத்தவள் பாக்யம்தான். பஸ்ஸே சிரித்தது. சம்பூர்ணமும் கூடச் சிரித்தாள்.

அன்றைக்கே எல்லாம் தெரிந்துதான் சிரித்தாளா? இந்தக் கேள்வி இரண்டு நாளாக பாக்யத்தைத் தின்றது. தோற்றுப்போனது கூடப் பெரிதில்லை. பந்தயம் நடக்கிறது என்றே தனக்குச் சொல்லாமல் அவள் ஓடியிருக்கிறாள்.

சாயங்காலம் பஸ்ஸில் சம்பூர்ணம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"உனுக்கு இப்ப எத்தினி வருஷம் ஆச்சு பாக்யம்?"

"ஒம்போது தாண்டிச்சு."

"பத்து முடிஞ்சாதான் பென்ஷனு. இன்னும் பதினோரு மாசம் இருக்குமா? இத்த மட்டும் தொட்டுடாத. கம்மியா வந்தாலும் வரட்டும்."

"எனுக்கு இன்னாக்கா? பொண்ணு இருக்கறா, மாப்ள இருக்கறாரு. உன்ன மாதிரி கவலப்பட எனுக்கு அவசியம் இல்ல."

சம்பூர்ணம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஆதாரில் எதுவோ ஒத்துப்போகாமல் இவள் பென்ஷன் ஆறு மாசம் இழுக்கட்டும் என்று பாக்யம் நினைத்தாள். நினைத்த பிறகு தன் மேலேயே ஒரு வாடை அடிப்பதுபோல் இருந்தது. ஆனாலும் அந்த நினைப்பை அவள் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை.

வீட்டு வாசலில் பாரதியின் செருப்பு கிடந்தது. திருப்பத்தூரிலிருந்து மத்தியானமே வந்துவிட்டாளாம். கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்துத் தங்கியது. இது ஏழாவது மாசம். அவளைப் பார்த்ததும் பாக்யத்துக்குக் கை தானாக அந்த வயிற்றைத் தொடப் போனது.

"ஒம்போதாம் மாசம் வளையல் போட நாள் பாத்துட்டாங்கம்மா," என்றாள் பாரதி. "நாலு தங்க வளையல் நம்ம வீட்டு மொறயாம். ஒம்போது வருஷமா நான் கேட்ட பேச்செல்லாம் உனுக்குத் தெரியும். அன்னிக்கி ஒரு நாளு தலை நிமிந்து உக்காரணும்மா. வேற எதுவும் கேக்க மாட்டேன்."

பாக்யத்தின் கணவன் கோதண்டராமன் ஒரு வெள்ளைத்தாளையும் பேனாவையும் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தான். அவன் கைப்பட எழுதியது. 'குடும்பச் சூழ்நிலை காரணமாக வேலையிலிருந்து விலகிக்கொள்கிறேன்.' மூன்று தடவையும் அதே வரி.

"கீழ கையெழுத்து போட்டுடு. நாளைக்கே ஆபீஸ்ல குடுத்துட்டா சரியா ரெண்டு மாசம். அப்பறம் புதுசா சேந்துக்கலாம்."

"ஐம்பத்து நாலு வயசுல புதுசா யார் சேத்துப்பாங்க?"

"நீ சொன்னா அந்த நயீம் சேத்துப்பாரு. இன்னா பேஜாரு இதுல?"

பாக்யம் தாளைப் பார்த்தாள். மகள் கேட்பது நியாயம். அந்த நியாயத்துக்குப் பக்கத்தில் சம்பூர்ணம் வந்து உட்கார்ந்தாள். மாசம் பிறந்ததும் பாங்கில் போய் நிற்பாள். தனக்கென்று ஒரு புடவை எடுப்பாள். யாரிடமும் விலை சொல்ல மாட்டாள். அந்தப் புடவையின் நிறம்கூட பாக்யத்துக்குத் தெரிந்தது. மகளின் முகத்தைவிட அது துலக்கமாக இருந்ததில் அவளுக்கு வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டும் அது மங்கவில்லை.

பையிலிருந்து மக்கன்பேடாவை எடுத்து பாரதியின் கையில் வைத்தாள்.

"பிரசவம் இங்கதான். நான் பாத்துக்கறேன். அன்னிக்கி ஏழு வகை சாதம் நானே கிண்டிக்கினு வர்றேன். கை நெறய கண்ணாடி வளையல் போடலாம்."

"தங்கம்?"

"கவரிங் வாங்கிக்கலாம்."

கோதண்டராமன் பெரிதாகச் சிரித்தான். "யாரு, அந்தக் கவரிங் சம்பூர்ணம் மாதிரியா?"

பாக்யம் சிரிக்கவில்லை. பேனாவை மூடி, தாளின் மேல் வைத்து, இரண்டையும் அவன் பக்கமாகத் தள்ளினாள்.

"ஆமா," என்றாள்.