லொறி எங்கட, பாதை அவன்ட

1

இந்தக் கதையை நான் கண்டுபிடிக்கவில்லை. கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் மேல்மாடியில் இருக்கும் சுபோதினியிடமிருந்து வந்தது. பெண்களுக்குக் கார் ஓட்டப் பழக்குகிறவர் அவர். போன வருடம் கொட்டாஞ்சேனையில், சிவப்பு விளக்கைத் தாண்டி வந்த மீன் லொறி அவருடைய காரில் இடித்தது. ஓட்டிய மாணவி தப்பினார். பக்கத்தில் இருந்த சுபோதினியின் இடது கால் நசுங்கியது.

என் முதல் தொடக்கம்: ‘கண்ணாடிச் சில்லுகள் மழைபோல் —’

வாசித்துவிட்டுச் சுபோதினி தாளைத் திருப்பித் தந்தார். “அடிபடுறது ஆருக்கும் நடக்கும். அதுக்குப் பிறகு லொறிக் கொம்பனிக்காரர் எனக்குச் செய்ததை எழுதுங்கோ.”

2

செய்தது இதுதான். லொறிக்காரக் கொம்பனியின் கொள்ளுப்பிட்டி அலுவலகத்தில் மனேஜர் தனஞ்சயன் தேத்தண்ணி கொடுத்து மரியாதையாகப் பேசினார். பேலியகொடை மீன் சந்தையிலிருந்து நுகேகொடைக்குப் போகவேண்டிய சாரதி தன் சொந்த அலுவலுக்குக் கொட்டாஞ்சேனைப் பக்கம் திரும்பினானாம்.

“லொறி எங்கட, மிஸ். போன பாதை அவன்ட.”

கொம்பனி பொறுப்பில்லையென்றால் தாங்களும் இல்லை என்றது இன்சூரன்ஸ். சாரதி மட்டுமே குற்றவாளி என்று ஒப்புக்கொள்ளும் தாளில் சுபோதினி கையெழுத்திட்டால், கொம்பனி இரக்கத்தில் ஏதாவது தருமாம்.

சுபோதினி கேட்டார்: “லொறிக்குள்ள இருந்த மீன் ஆருடைய?”



(இந்த இடத்தில் தனஞ்சயன் தலைகுனிந்ததாக எழுதியிருந்தேன். வெட்டிவிட்டேன். போனைப் பார்த்துக்கொண்டிருந்தாராம்.)

3

சாரதி கிருஷ்ணராஜை எனக்குப் பிடிக்கவில்லை. குடிகாரனாக்கினால் கதை சுலபமாகிவிடும் என்று நினைத்தேன். ‘அன்றைக்குக் கிருஷ்ணராஜின் வாயில் —’

இல்லை. அவர் குடிப்பதில்லை.

ஊன்றுகோலோடு அவருடைய அறைக்குச் சுபோதினியே படியேறிப் போனார். பதுளைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து வந்த கிருஷ்ணராஜ், நாற்காலியைத் துடைத்துப் போட்டார். கொட்டாஞ்சேனைக் கடையில் நான்கு பெட்டி இறக்கிவிட்டு, நுகேகொடைக்கும் நேரத்துக்குப் போய்ச் சேரும்படி மனேஜர்தான் போனில் சொன்னாராம். இப்போது சொந்த அலுவல் என்று சொன்னால் வேலை இருக்குமாம், கொம்பனிச் செலவில் வழக்கறிஞரும் கிடைப்பாராம்.

“உண்மைய சொன்னா வேலை போயிரும்ங்க அக்கா.”

“விளக்கில நிக்காதது உம்மட பிழை. அதை நான் விடமாட்டன்,” என்றார் சுபோதினி. “ஆனா அவையின்ர பிழையையும் நீர் ஏன் சுமக்கிறீர்?”

கிருஷ்ணராஜ் அழுதார். சம்மதிக்கவில்லை.*

* சம்மதித்தார் என்று எழுத என் கை எவ்வளவு துடித்தது தெரியுமா?

4

புதுக்கடை நீதிமன்ற விறாந்தையில், சுபோதினி கொம்பனிமேல் போட்ட வழக்கு எடுக்கப்படுவதற்குச் சற்று முன்னர், கொம்பனி வழக்கறிஞர் அதே தாளைக் கூடுதல் தொகையோடு நீட்டினார். சுபோதினியின் தங்கையே வாங்கச் சொன்னார். கொம்பனியோடு மோதி யார் வென்றது என்று கேட்டார். சுபோதினி தாளை மடித்து வழக்கறிஞரின் சட்டைப் பைக்குள் வைத்தார்.

“என்ர காலை இடிச்சது இரக்கமில்லை. லொறி.”

உள்ளே கிருஷ்ணராஜ் சாட்சிக் கூண்டில் ஏறினார். கொட்டாஞ்சேனைக்குப் போகச் சொன்னது யார் என்று கேட்டார்கள். அவர் தனஞ்சயனைப் பார்த்தார். பிறகு சுபோதினியைப் பார்த்தார். வாயைத் திறந்தார்.

இங்கே நிறுத்துகிறேன். அவர் உண்மை சொல்லும் முடிவும் பொய் சொல்லும் முடிவும் என் மேசையில் கிடக்கின்றன. இரண்டையும் தரமாட்டேன். விரும்பியதை நீங்களே எழுதுங்கள். அவரை வீரனாக்குங்கள், கோழையாக்குங்கள், வழக்கைத் தோற்கடியுங்கள்.

ஒரேயொரு நிபந்தனை: சுபோதினி கையெழுத்துப் போடுவதாக மட்டும் எழுதாதீர்கள். அவர் போடமாட்டார்.