எங்கும் இருந்த ஷாரோன்

'யுபிக்விடஸ்' என்ற ஆங்கிலச் சொல்லை ஷாரோன் ஒரு வாக்கியத்தில் சரியாகப் பொருத்திச் சொன்ன காலையிலிருந்து, அவள் ஒரே நேரத்தில் பல இடங்களில் இருந்தாள். ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியின் முதலுதவி அறையில் அவள் நர்ஸ். அயர்லாந்தில் வேலைக்குப் போக ஆங்கிலத் தேர்வில் தேறவேண்டும். எழுத்தில் குறையில்லை, பேச்சுத் தேர்வில்தான் இருமுறை கோட்டைவிட்டாள். மனப்பாடம் செய்த பெரிய சொற்களெல்லாம் தேர்வாளரின் முகத்தைப் பார்த்ததும் தொண்டையிலேயே நின்றுவிட்டன. ஆகவே கம்பெனி பஸ்ஸில் பக்கத்தில் உட்காரும் பூமாரி, சங்கரன்கோவிலிலிருந்து அசெம்பிளி லைன் வேலைக்கு வந்த பெண், தினமும் செல்போனைப் பார்த்துச் சொல் கேட்பாள். எங்கும் நீக்கமற நிறைந்திருப்பது என்று பொருள் சொல்லி, இந்த ரோட்டில் லாரிகள் அப்படித்தான் என்று ஷாரோன் ஆங்கிலத்தில் உதாரணமும் சொன்னாள். அதே நிமிடம் பிள்ளைப்பாக்கத்து வீட்டில் அவளுடைய அப்பா சாலமோனுக்கு டீ ஆற்றிக் கொடுத்துக்கொண்டும், சுங்குவார்சத்திரம் பஸ் நிறுத்தத்தில் வாழைப்பழம் பேரம் பேசிக்கொண்டும் இருந்தாள். எல்லாம் அவளேதான். மூன்று இடத்திலும் கால் வலித்தது.

ஊர் இதை ஒரு வாரம் பேசியது, பிறகு மெட்ரோ வருமா என்ற பேச்சுக்குத் திரும்பியது. எங்கும் இருப்பவர் கர்த்தர் ஒருவரே என்று பாஸ்டருக்கு மட்டும் கொஞ்சம் சங்கடம். "ஞாயித்துக்கிழமை ஆராதனைக்காவது முழுசா வாம்மா," என்று கேட்டுக்கொண்டார்.

சாலமோன்தான் அவள் அயர்லாந்துக்குப் போகக்கூடாது என்று பிடிவாதமாக இருந்தார். மனைவி இறந்தபின் அவருக்கு மகள்தான் எல்லாம். "நீ பூட்டா இந்த வூட்ல எனக்கு யாரு கீறா?" என்பார். அந்தப் பயம் அவளுக்கும் இருந்தது. மூன்றாவது தேர்வு நாளன்றே கம்பெனியில் ஆடிட் வந்தது. லீவே கிடையாது என்றார் எச்.ஆர். சக்திகுமார்.

"எக்கா, இங்கயும் இரிங்க, அங்கயும் போங்க. ஒங்களுக்கு என்ன கஷ்டம்?" என்றாள் பூமாரி.

அப்படியே செய்தாள். சென்னையில் தேர்வாளர் எதிரே உட்கார்ந்தபோது, ஒரகடத்தில் நம்பிராஜன் என்ற பையனின் உள்ளங்கையைத் தகடு கிழித்து, அவனை முதலுதவி அறைக்குத் தூக்கிவந்தார்கள். யாருக்காவது நீங்கள் செய்த உதவியைப் பற்றிப் பேசுங்கள் என்றார் தேர்வாளர். ஷாரோன் பேசினாள். ஒரகடத்தில் கை எதைச் செய்ததோ அதைச் சென்னையில் வாய் சொல்லியது. வெட்டுக்காயத்துக்கு லேசரேஷன், தாங்கமுடியாத வலிக்கு எக்ஸ்க்ருஷியேட்டிங், கவனமான கைக்கு மெட்டிக்குலஸ் எல்லாம் கூப்பிடாமலே வந்தன. இம்முறை அவற்றுக்கு வேலை இருந்தது. பிரச்சினை என்னவென்றால், ஒரகடத்து வாயும் அதே ஆங்கிலத்தைப் பேசியது.

"யக்கா, என்ன சொல்லுதிய? கை போயிருமா?" என்று நம்பிராஜன் அலறினான்.

"ஒண்ணும் ஆவாதுடா, பயப்படாத," என்று இரண்டு ஊரிலும் சொன்னாள்.

தேர்வாளர் தலை நிமிர்ந்து பார்த்தார். ஷாரோன் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, ரத்தம் நின்றுவிட்டது என்று ஆங்கிலத்தில் முடித்தாள். அவருக்கும் மூச்சு வந்தது. நம்பிராஜனை ஆம்புலன்ஸில் ஏற்றி, தையல் போட அனுப்பினாள். விரல் ஒன்றுகூடப் போகவில்லை. தன் காயத்துக்கு அவ்வளவு பெரிய பெயர்கள் உண்டு என்பதில் அவனுக்கு இன்றும் பெருமை.

அயர்லாந்தில் கேட்டதற்கு மேலேயே மதிப்பெண் வந்தது. சாலமோன் முடிவைப் பார்த்துவிட்டு, அவளுடைய செல்போனை அவளிடமே திருப்பிக் கொடுத்தார். பிறகு, "போ. ஆனா இங்கயும் இரு," என்றார்.

டப்ளினில் இப்போது அவளுக்கு ஆஸ்பத்திரி வேலை, குளிருக்கு நல்ல கோட்டு. ஒரகடத்து முதலுதவி அறையை ராஜினாமா செய்தாள். பிள்ளைப்பாக்கத்து அடுப்படியை ராஜினாமா செய்யவில்லை. சமையல் பிடிக்காத நாளில் சாலமோன் டப்ளினுக்கு வீடியோ கால் போட்டு, குழம்புச் சட்டியைக் கேமராவில் காட்டுவார்.

"இன்னாம்மா இது, உப்பே இல்ல?"

"டாக்டர் கம்மியாப் போடச் சொன்னாருப்பா," என்று போனிலும் பின்னால் அடுப்படியிலிருந்தும் ஒரே குரலில் பதில் வரும். இரண்டு பேரிடமும் தோற்றுப்போய், அவர் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வார்.