பன்னிரண்டாம் வயதின் அளவு

திங்கட்கிழமை காலை அந்தக் கடிதம் வந்தபோது, ஆய்வுப் பதிவில் இருநூற்றுப் பன்னிரண்டாம் எண் சிறுமி கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சத்தம் கேட்கும்போதெல்லாம் கையிலிருந்த பொத்தானை அழுத்த வேண்டும். வலது காது முடிந்துவிட்டது. இடது காதில் பாதி பாக்கி.

பேராசிரியை படியிறங்கி வந்த வேகத்திலேயே விஷயம் சரியில்லை என்று காதக்காவுக்குத் தெரிந்துவிட்டது. காதக்கா என்பது பிள்ளைகள் வைத்த பெயர். ஒன்பது வருடமாக அவர்கள் காதைச் சோதித்து வருபவளை அவர்கள் வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? இப்போது பல்கலைக்கழகத்தின் காவலாளி வரைக்கும் அதுதான் அவள் பெயர்.

"நிறுத்திடு," என்றார் பேராசிரியை. "மத்திய அரசு நிதியை ரத்து பண்ணிடுச்சு. கடிதம் கிடைச்ச நிமிஷத்துலேருந்து எந்த வேலையும் நடக்கக் கூடாதாம்."

"கடிதம் உங்களுக்குத்தானே மேடம் கிடைச்சுது? என் கைக்கு இன்னும் வரலையே," என்று சொல்லிவிட்டு, காதக்கா அடுத்த ஒலியை அனுப்பினாள். கண்ணாடிக்கு அப்பால் சிறுமி பொத்தானை அழுத்தினாள்.

அவளை அனுப்பிவைத்த பிறகுதான் இருவரும் கடிதத்தை முழுதாகப் படித்தார்கள். மொத்தமே ஒரு பக்கம். ஆய்வு, அரசின் புதிய முன்னுரிமைகளுக்குப் பொருந்தவில்லை என்று எழுதியிருந்தது. ஆய்வின் தலைப்பில் 'சுற்றுப்புறம்' என்ற சொல் இருந்தது. அந்த மாதம் அப்படிச் சில சொற்களுக்கு ஆகாத காலம்.

ஆய்வு எளிமையானது. ஒரே ஆண்டில் பிறந்த அறுநூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகள். பாதிப் பேர் நெடுஞ்சாலையையும் தொழிற்சாலைகளையும் ஒட்டிய வீடுகளில் வளர்ந்தவர்கள், மீதிப் பேர் அமைதியான தெருக்களில். மூன்று, ஆறு, ஒன்பது வயதுகளில் அவர்கள் காது எப்படி இருந்தது என்று அளந்தாயிற்று. இது பன்னிரண்டு. எண்பத்து நான்கு பேரை முடித்திருந்தார்கள். ஆண்டு முடிய நான்கு மாதம் இருந்தது.

பல்கலைக்கழகம் முழுவதும் அந்த வாரம் ஒரே பரபரப்பு. தாவரவியல்காரர்கள் விண்ணப்பத்தில் 'காலநிலை'யை அடித்துவிட்டு 'வானிலை' என்று எழுதினார்கள். மொழியியல் துறை, தலைப்பையே எடுத்துவிட்டு எண் மட்டும் போட்டது. பெரிய அரங்கில் கூட்டம் நடந்தது. பதிவாளர் எழுந்து, "பொறுமையா இருங்க, பார்க்கலாம்," என்றார். எதைக் கேட்டாலும் அதையே சொல்வதால் அவருக்கு முதுகுக்குப் பின்னால் 'பார்க்கலாம் சார்' என்றே பெயர். வெள்ளிக்கிழமையோடு, காது சோதிக்கும் அடித்தள அறையைப் பூட்டிச் சாவியை ஒப்படைக்க வேண்டும் என்பது மட்டும் தெளிவாகச் சொல்லப்பட்டது.

"நான் மேல்முறையீடு எழுதறேன்," என்றார் பேராசிரியை. "பதில் வர ஒன்பது மாசம் ஆகும்."

"அதுக்குள்ள பிள்ளைங்களுக்குப் பதிமூணு ஆயிடுமே மேடம்."

பேராசிரியை கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தார். அவர் கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்திருந்தது.

அன்று மாலை காதக்கா வீட்டில் வெங்காயத்தை நறுக்கு நறுக்கென்று நறுக்கிக்கொண்டிருந்தாள். கணவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். கிரீஸ் படிந்த கையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார்.

"மேல்முறையீடு, கூட்டம், கடிதம்... எல்லாரும் அதையேதான் பேசறீங்க," என்றார். "லிஃப்ட் நடுவுல நின்னா நாங்க என்ன பண்ணுவோம்? முதல்ல உள்ள இருக்கிற ஆளை வெளிய எடுப்போம். மோட்டாருக்கு என்ன கேடுன்னு அப்புறம் பார்த்துக்கலாம். நீங்க மோட்டாரையே சுத்தி நின்னுக்கிட்டு இருக்கீங்க."

"ஆளை எடுக்க வழி வேணுமே."

"தேடு. வெங்காயத்துக்கிட்ட கோபத்தைக் காட்டாத."

வழி புதன்கிழமை கிடைத்தது. மாடியில் செவித்திறன் பட்டப்படிப்பின் இறுதியாண்டு மாணவர்கள் வரிசையாக உட்கார்ந்து ஒருவர் காதை ஒருவர் சோதித்துக்கொண்டிருந்தார்கள். ரெக்கார்ட் நோட்டை நிரப்பியாக வேண்டுமே.

"இவ காதை நான் சோதிக்கறது இது ஏழாவது தடவைக்கா," என்றான் ஒருவன். "இவளைவிட எனக்குத்தான் இவ காது நல்லாத் தெரியும்."

"குழந்தைங்க யாரும் வரதில்லையா?"

"இருபது குழந்தைங்களைப் பார்க்கணும்னு பாடத்திட்டத்துல இருக்கு. எங்கேருந்துக்கா வருவாங்க? விலக்கு குடுத்துடுவாங்க."

காதக்கா அப்படியே நின்றாள். அந்த வகுப்பில் இருபத்து நான்கு பேர். ஆளுக்கு இருபது குழந்தைகள். அவள் நேரே நூலகத்துக்குப் போய்ப் பாடத்திட்டத்தை எடுத்து அந்தப் பக்கத்தை நகலெடுத்துக்கொண்டு, பதிவாளர் அறைக் கதவைத் தட்டினாள்.

பதிவாளர் நகலை இரண்டு முறை படித்தார். "ஆய்வை நிறுத்தச் சொல்லியிருக்காங்களேம்மா."

"இது பயிற்சி வகுப்பு சார். அவங்க நிதியில ஒரு பேனா கூட வாங்க வேண்டாம். கருவி பல்கலைக்கழகத்தோடது, அறையும் நம்மளோடது. பெத்தவங்ககிட்ட புதுசா சம்மதம் வாங்கிடறேன். நெறிமுறைக் குழுவும் பார்த்துக் கையெழுத்துப் போடட்டும்."

"மேற்பார்வை யாரு? உன் பதவியே அந்த நிதியோட போயிடுச்சே."

"செய்முறைப் பயிற்சியாளர் இடம் ரெண்டு வருஷமாக் காலியா இருக்கு."

"அது உனக்கு ரொம்பச் சின்ன வேலைம்மா. சம்பளமும் கம்மி."

"தெரியும் சார்."

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "அமைச்சகம் இதை வேற மாதிரி எடுத்துக்கிட்டா? மத்த துறைங்களுக்கு வர்றதையும் நிறுத்திட்டா? சரி... பார்க்கலாம்."

"பாருங்க சார். நீங்க பார்த்து முடிக்கற வரைக்கும் நான் வெளியில பெஞ்சுல உட்கார்ந்திருக்கேன்."

உட்கார்ந்தும் இருந்தாள். மதியம் போனது. எழுத்தர்கள் அவளை எட்டி எட்டிப் பார்த்தார்கள். நான்கு மணிக்குப் பதிவாளர் கோப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, அவளையும் கூட்டிக்கொண்டு துணைவேந்தர் அறைக்குப் போனார்.

துணைவேந்தர் அதிகம் பேசாத பெண்மணி. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இதைச் செய்யக் கூடாதுன்னு ஏதாவது விதி இருக்கா?" என்றார்.

"மத்தியானம் முழுக்க அதைத்தான் மேடம் தேடினேன்," என்றார் பதிவாளர். "இல்லை." பிறகு காதக்கா எதிர்பாராத ஒன்றைச் சொன்னார். "செய்யணும்னுதான் நான் நினைக்கறேன்."

நெறிமுறைக் குழு பத்து நாளில் கையெழுத்திட்டது. அதன் பிறகு அவள் தொலைபேசியோடு மல்லுக்கு நின்றாள். ஐந்நூற்று இருபத்தெட்டு வீடுகள். "என் பையனுக்குக் காது நல்லாத்தாம்மா கேக்குது, நான் சொல்றது மட்டும்தான் கேக்காது," என்று சிரித்த அம்மாக்கள் சரியென்றார்கள். முப்பத்தொரு வீடுகள் மறுத்துவிட்டன. ஓர் அப்பா மட்டும் விடாமல் கேட்டார்: "அரசாங்கமே வேண்டாம்னு சொன்னப்புறம் உங்களுக்கு எதுக்குங்க வீண் வம்பு?"

"அவங்க காசு தர மாட்டோம்னுதான் சொன்னாங்க. உங்க பொண்ணு காது எப்படி இருக்குன்னு உங்களுக்குத் தெரிய வேண்டாம்னு சொல்லலையே."

"சனிக்கிழமை கூட்டிட்டு வர்றேன்," என்றார் அப்பா.

மாணவர்கள் முதல் வாரம் சொதப்பினார்கள். ஹெட்ஃபோனை இடவலம் மாற்றி மாட்டினார்கள். அளவைத் தப்பாகக் குறித்தார்கள். காதக்கா ஒவ்வொன்றையும் மறுபடி செய்யவைத்தாள். மூன்றாம் வாரம் அந்த அப்பாவின் மகள் வந்தாள். சோதித்த மாணவி வெளியே வந்து, "கருவி கெட்டுப்போச்சுன்னு நினைக்கறேன்கா, கீச்சுன்னு வர்ற ஒலிக்கு இவ பொத்தானை அழுத்தவே இல்ல," என்றாள். கருவியை மாற்றினார்கள். அடுத்த சனிக்கிழமை மறுபடி வரச் சொன்னார்கள். கருவியில் கோளாறு இல்லை. இரண்டு காதிலும் கீச்சென்ற ஒலிகளைக் கேட்கும் திறன் போய்விட்டிருந்தது.

"டீச்சர் கூப்பிட்டா திரும்ப மாட்டேங்கறா, திமிருன்னு சொன்னாங்க," என்றார் அப்பா. "நானும் திட்டினேன்." அவர் மகளின் பக்கம் திரும்பவே இல்லை. காதக்கா மருத்துவமனைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்து, முதல் வரிசையில் உட்காரவைக்கச் சொல்லிப் பள்ளிக்கும் ஒரு கடிதம் எழுதினாள்.

அமைச்சகத்திலிருந்து ஒரு கேள்வி வரத்தான் செய்தது: நிறுத்தப்பட்ட பணி தொடர்கிறதா? எங்கள் மாணவர்களின் செய்முறை வகுப்பு நடக்கிறது, விருப்பமிருந்தால் வந்து பார்க்கலாம் என்று துணைவேந்தர் பதில் அனுப்பினார். யாரும் வரவில்லை. ஆனால் அடுத்த மாதம் வேதியியல் துறையின் நிதி நின்றது. காரணம் சொல்லவில்லை. "எல்லாம் உங்களாலதான்," என்று அந்தத் துறைத் தலைவர் தாழ்வாரத்தில் எல்லோர் முன்னாலும் சொன்னார். இல்லை என்று சொல்ல அவளிடம் ஆதாரம் இல்லை. அன்று இரண்டு மணிக்கு வரவேண்டிய பிள்ளைகள் வந்துவிட்டார்கள், அவள் இறங்கிப் போனாள்.

ஆண்டு முடிந்தபோது ஐந்நூற்று எழுபத்தொரு பிள்ளைகளின் அளவு கையில் இருந்தது. மேல்முறையீடு, அனுப்பிய பத்தாம் மாதத்தில் தள்ளுபடியானது. பேராசிரியை அந்தக் கடிதத்தைக் கோப்பில் வைத்துவிட்டு, கட்டுரையின் முதல் பத்தியை எழுத உட்கார்ந்தார். தலைப்பில் 'சுற்றுப்புறம்' இருந்தது.

காதக்கா அறை ஒதுக்கீட்டுப் பிரிவுக்குப் போய் விண்ணப்பத்தை நீட்டினாள். எழுத்தர் தேதியைப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

"ரெண்டு வருஷம் கழிச்சா? அதுக்குள்ள யார் ஆட்சியில இருப்பாங்களோ, நம்ம பல்கலைக்கழகமே எப்படி இருக்குமோ!"

"பிள்ளைங்களுக்குப் பதினஞ்சு வயசு ஆகியிருக்கும். அது நிச்சயம்," என்றாள் காதக்கா. "எழுதிக்கோங்க. அடித்தள அறை, நாலு மாசம்."

எழுத்தர் பேரேட்டைப் புரட்டினார். அந்த ஆண்டுக்கான பக்கமே அதில் இல்லை. புதிதாக ஒரு தாளை எடுத்துக் கோடு போட்டு, அவள் சொல்லச் சொல்ல எழுதத் தொடங்கினார்.