பழையபடியே இருக்கட்டும்

செத்துப்போன மனிதரை ஒருமனதாகத் தலைவராகத் தேர்ந்தெடுத்த சங்கம் எங்களுடையதாகத்தான் இருக்கும். சிரிக்காதீர்கள். எனக்கு அப்போது சிரிக்கிற நிலைமை இல்லை.

திருவரங்குளத்துக்கு வெளியே, முந்திரித் தோப்பை ஒட்டி ஒரு சிறப்புப் பள்ளி இருக்கிறது. இன்னாசி சார் ஒரு சங்கத்தைப் பதிவு செய்து ஆரம்பித்தது. என் மகள் ஹரிணி அங்கேதான் போகிறாள். பதினோரு வயது, பேச்சு வராது. அங்கே போன பிறகுதான் தன் கையால் சோறு எடுத்துச் சாப்பிடப் பழகினாள். வீட்டுக்காரர் துபாயில். நான் புதுக்கோட்டையில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறேன். பள்ளி இல்லையென்றால் பிள்ளையை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுத்தான் நான் பஸ் ஏற வேண்டும்.

போன வருஷம் சார் மாரடைப்பில் போய்விட்டார். அதற்குப் பிறகு வந்த ஆண்டுக் கூட்டத்தில்தான் அந்தக் கூத்து நடந்தது. எங்கள் சங்கத்துத் தேர்தல் என்றால் இவ்வளவுதான்: பொருளாளர் பிச்சைமுத்து ஐயா எழுந்து, "பழையபடியே இருக்கட்டும்ங்க" என்பார். எல்லாரும் கைதட்டுவார்கள். சாரின் மனைவி சந்தனம் அக்கா சுடச்சுட உளுந்து வடை கொண்டுவருவார். சார் போன பிறகும் ஐயா வாய்ப்பழக்கத்தில் அதையே சொன்னார், எல்லாரும் தட்டினார்கள், வடையும் வந்தது. அன்றைய செயலாளர் அதை அப்படியே எழுதி மாவட்டப் பதிவாளர் அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டு, உடம்புக்கு முடியவில்லை என்று விலகிக்கொண்டார். பெற்றோர் சார்பில் அந்தப் பதவியை என் தலையில் கட்டினார்கள்.

அலுவலகத்திலிருந்து கூப்பிட்டார்கள். அதிகாரி அம்மா நல்ல மாதிரிதான். ஆனால் எடுத்த எடுப்பிலேயே கேட்டார்.

"பள்ளி அங்கீகாரத்துக்குக் குடுத்த மனுவுல இவரு எறந்துட்டாருன்னு இருக்கு. இங்க இவருதான் தலைவர்ங்கிறீங்க. எதும்மா நெசம்?"

முறையாக நோட்டீஸ் கொடுத்துச் சிறப்புக் கூட்டம் போட்டு, உயிரோடு இருக்கிற ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சாரின் இறப்புச் சான்றிதழும் வேண்டும். அதெல்லாம் முடிந்தால்தான் அங்கீகாரம், இல்லாவிட்டால் ஜூனில் பள்ளி திறக்க முடியாது என்று விளக்கினார்.

அன்றிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கடையில் பில்லைத் தப்பாகப் போட்டு முதலாளியிடம் ஏச்சு வாங்கினேன். தலைவர் பதவி என்றதும் போனை எடுக்கிறவர்களுக்குக்கூட சிக்னல் கிடைக்காமல் போனது. மீன்பிடிக்கப் போகிற உறுப்பினர் மீமிசல் பீட்டர் கடலில் இருக்கிறேன் என்றார், பின்னால் பஸ் ஹார்ன் கேட்டது. சந்தனம் அக்காவிடம் சான்றிதழ் கேட்கப் போய்ப் போய்க் காப்பி குடித்துவிட்டுத் திரும்பினேன். "சாருக்குச் சர்க்கரை கூடாது" என்று அக்கா இன்னமும் டம்ளரைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தைப் பார்த்து எப்படிக் கேட்பது? பிறகு வீட்டுக்கு வந்து என்மேலேயே எரிந்து விழுவேன்.

சிறப்புக் கூட்டத்துக்கு எல்லாரும் வந்துவிட்டார்கள். சார் நாற்காலி மட்டும் காலியாக இருந்தது, முதுகில் அவர் துண்டோடு. யார் நிற்கிறீர்கள் என்று கேட்டேன். ஒருவருக்குப் பேரன் கல்யாணம், ஒருவருக்கு முதுகுவலி. கடைசியில் பிச்சைமுத்து ஐயா எழுந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பழையபடியே" என்று ஆரம்பித்தார். இரண்டு பேர் தட்டியும்விட்டார்கள்.

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ.

"யாருங்க பழையபடி? சார் செத்துட்டாரு. எத்தன தடவ சொல்றது? செத்துட்டாரு. ஜூன் மாசம் எம் புள்ளய உள்ள போட்டுப் பூட்டிட்டுப் போகவா?"

சொல்லிவிட்டுத் திரும்பினால், வாசலில் வடைத் தட்டோடு சந்தனம் அக்கா. பூமி பிளந்து என்னை உள்ளே இழுத்துக்கொள்ளாதா என்றிருந்தது. அக்கா தட்டைக் கீழே வைத்தார். முந்தானையில் கையைத் துடைத்தார். துண்டை எடுத்து மடித்து மடியில் வைத்துக்கொண்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நானும் ஆரம்பத்துலருந்து மெம்பர்தான். நான் இருக்கேன். கைதட்ட வேணாம், சம்மதம்னா கையத் தூக்குங்க. யாருக்காச்சும் வேணாம்னா இப்பவே சொல்லிருங்க."

எல்லாக் கைகளும் உயர்ந்தன. பிச்சைமுத்து ஐயா இரண்டு கையையும் தூக்கியிருந்தார். ஒன்று போதும் என்று அக்காதான் இறக்கச் சொன்னார்.

மறுநாள் இருவரும் பதிவாளர் அலுவலகம் போனோம். முன்பிருந்த தலைவர் யார் என்று அதிகாரி கேட்டார். அக்கா பையிலிருந்து பிளாஸ்டிக் உறையில் போட்ட சான்றிதழை எடுத்து நீட்டினார்.

"இன்னாசி. எங்க வீட்டுக்காரருதான். எறந்துட்டாருங்க."

குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. அதிகாரி சரிபார்த்து வாங்கிக்கொண்டு, இனிப் பள்ளிக்குச் சிக்கல் இருக்காது என்றார். முந்தின நாள் அதையே கத்திய நான்தான் வராந்தாவுக்கு வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதேன். அக்கா பின்னாலேயே வந்தார். நேற்றுப் பேசியதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன்.

"அன்னிலருந்து எல்லாரும் சார் இருக்கிற மாரியே எங்கிட்ட பேசுனாங்க. அதனால நானும் அழவே இல்ல. நீ ஒருத்திதான் வாயத் தொறந்து சொன்ன."

சொல்லிவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்து, பையிலிருந்து சார் துண்டை எடுத்து அதில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. நான் அவசரப்படுத்தவில்லை.